தம்பிக்கு இளைய அக்கா

லிஃப்ட் ஆபரேட்டரின் மகள் நான்காவது முறையாக மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதிய ஆண்டின் ஜூலை மாதத்தில், அவளுடைய தம்பி அவளைவிட மூத்தவன் ஆனான். அவளுக்கு மூன்று வருஷம் பின்னால் பிறந்தவன் அவன். அன்று அவனுக்குப் பதினெட்டு முடிந்தது. அவள் இன்னும் பதினேழிலேயே இருந்தாள். வீட்டில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அன்றைக்கும் அவன் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டான்.

பள்ளி இறுதித் தேர்வில் அவள் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தவள். ஆனால் மருத்துவக் கல்லூரிக்கு அந்த மதிப்பெண் வேண்டியிருக்கவில்லை. மூன்று மணி நேரம், நூற்றெண்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு வட்டங்கள், அதில் ஒன்றைக் கறுப்பாக்க வேண்டும். அதை மட்டும்தான் பார்த்தார்கள். முதல் முறை பதினொரு மதிப்பெண்ணில் இடம் போயிற்று. பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டிய அவள் அப்பா டாக்டர்களைப் பெயரால் அறியாதவர். மூன்றாம் மாடி எலும்பு, ஐந்தாம் மாடி இதயம் என்றே சொல்வார். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்த வாக்கியத்தை அவளுடைய உடம்பும் கேட்டுக்கொண்டது போலிருக்கிறது. அதுவும் அடுத்த வருஷத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கியது.

முதலில் கண்டுபிடித்தது அம்மா. வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைப்பவள் அவள். மகளின் அளவு மூன்று வருஷமாக நூலளவும் மாறவில்லை என்பதை டேப் காட்டிக்கொடுத்தது. மூன்றாம் மாடி எலும்பு மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, பதினேழு வயசு எலும்பு, நல்ல ஆரோக்கியம் என்றார். இதனால் ஏதாவது கெடுதல் வருமா என்று அம்மா கேட்டதற்கு, இல்லை என்று சொல்லிவிட்டு, பரீட்சை எப்போது என்று விசாரித்தார்.

இரண்டாம் முறை நான்கு மதிப்பெண் குறைந்தது, மூன்றாம் முறை ஆறு. ஏழாம் முறை இரண்டு. பன்னிரண்டாம் முறை காய்ச்சலோடு எழுதியதில் பத்தொன்பது. நுழைவுச்சீட்டில் ஒட்ட ஒரே புகைப்படத்தையே ஸ்டூடியோக்காரர் பிரதி போட்டுக் கொடுத்தார். ஒருமுறை தேர்வு மையத்துக் கண்காணிப்பாளர் பிறந்த தேதியையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மேலிடத்துக்கு போன் செய்தார். உச்ச வயது வரம்பு கிடையாது, முகத்துக்கு வயது ஏற வேண்டும் என்று விதியும் கிடையாது என்று பதில் வந்தது. பயிற்சி மையத்தில் மூன்றாவது வரிசை ஜன்னலோரம் அவளுடைய இடம் என்று ஆகிவிட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்கள் வருஷத்துக்கு ஒருவராக டாக்டர் ஆகிப் போனார்கள். தம்பி ஃபிரிட்ஜ் மெக்கானிக் ஆனான், கல்யாணம் செய்துகொண்டான். இருபத்தாறு வயது மனைவி, தன் துப்பட்டாவைக் கடன் வாங்கிப் போட்டுக்கொள்ளும் பெண்ணை அண்ணி என்று அழைக்க இரண்டு நாள் கூச்சப்பட்டாள். மூன்றாம் நாள் பழகிவிட்டது.

அப்பா ஓய்வு பெற்ற பிறகு அதே ஆஸ்பத்திரியின் ஐந்தாம் மாடியில் சேர்க்கப்பட்டார். வெளியே வந்து பேசிய டாக்டர் ஒரு காலத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தவன். தலை பாதி வழுக்கை.

"நீ... நீங்கதானே எனக்கு லென்ஸ் கணக்கு சொல்லிக் குடுத்தீங்க?" என்றான். அவள் தலையசைத்தாள். "அப்பா போயிட்டார்," என்றான் அவன்.

அவளுக்கு அழுகை வரவில்லை. கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். நூற்றெண்பது கேள்விக்கு நிமிஷம் பிரித்துப் பிரித்து வந்த பழக்கம் அது.

அந்த வருஷமும் விண்ணப்பம் போட்டாள். பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்த அம்மா இயந்திரத்தை நிறுத்தினாள்.

"போதும்னு விட்டுட்டா என்னடி ஆகும்?"

"தெரியலம்மா. விட்டுப் பாத்ததில்ல."

இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது.

இருபத்தொன்பதாவது ஆண்டில் நுழைவுத் தேர்வை ரத்து செய்தார்கள். இனிப் பள்ளி மதிப்பெண்ணே போதும், எந்த ஆண்டுச் சான்றிதழும் செல்லும் என்று அறிவிப்பு வந்தது. தம்பி செய்தித்தாளைச் சத்தமாக வாசித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். அவள் ஒரு மாதிரித் தேர்வின் நடுவில் இருந்தாள். மிச்சமிருந்த நாற்பது கேள்விகளையும் முடித்து, விடைகளைச் சரிபார்த்து, தாளைக் கோப்பில் வைத்த பிறகுதான் எழுந்து வந்து அதை வாங்கிப் படித்தாள்.

சேர்க்கை அலுவலகத்தில் குமாஸ்தா, மடிப்பெல்லாம் பழுத்துப்போன மதிப்பெண் பட்டியலை மேஜையில் மெதுவாக விரித்தார்.

"இந்த மார்க்கு அப்பவே போதுமேம்மா."

"அப்போ கேக்கல சார்," என்றாள்.

அவர் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துக் கொடுத்தார். பிறகு இரண்டு நகல் வேண்டும் என்றார். சேர்க்கைப் பட்டியலில் அவள் பெயர் முதல் பக்கத்திலேயே வந்தது. சந்தோஷம் எங்கேயாவது இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தாள். காலையில் சாப்பிட்டோமா இல்லையா என்ற சந்தேகம் மட்டும் கிடைத்தது.

விடுதியில் கொண்டுபோய் விட தம்பிதான் வந்தான். காதோரம் நரைத்திருந்தது, குத்துக்காலிட்டே வேலை பார்த்ததில் முழங்கால் போயிருந்தது. பாதுகாவலர் எனப் போட்டிருந்த இடத்தில் கையெழுத்திட்டு, உறவு என்ற கட்டத்தில் 'தம்பி' என்று எழுதினான். விடுதிக் காப்பாளர் அம்மாள் அதைப் படித்தாள், அவனைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள்.

"தம்பி, அண்ணன் யாரா இருந்தாலும் சாயங்காலம் அஞ்சு வரைக்கும்தான் பாக்கலாம்," என்று சொல்லி அறைச் சாவியை நீட்டினாள்.

தம்பி பெட்டியை இரண்டாம் மாடி வரை தூக்கி வந்து வைத்தான். வரேன்க்கா என்றான். அவள் சரி என்றாள். ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து கீழே பார்த்தபோது, அவன் வாசல் படிகளில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு காலாக இறங்கிக்கொண்டிருந்தான். கூடவே போய்க் கையைப் பிடித்து இறக்கிவிட்டிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றி முடிவதற்குள் அவன் கேட்டைத் தாண்டியிருந்தான்.