பேய் வீட்டில் ஒப்பாரி

பதுளை பஸ் நிலையத்துச் சுவரில் விதுஷாவின் அம்மாவை ஒட்டி வைத்திருந்தார்கள்.

படம் அம்மாவுடையது இல்லை. யாரோ ஒருத்தி, தலைவிரி கோலம், வாயெல்லாம் ரத்தம், முதுகில் தேயிலைக் கொழுந்துக் கூடை, கூடைக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பச்சைக் குழந்தையின் கை. பெயர்தான் அம்மாவுடையது. ‘கருப்பியின் லயம். பிள்ளையைத் தின்ற தாய்! கல்லுமலைத் தோட்டத்து மேற்பிரிவில் நடந்த உண்மைக் கதை. பேய்ப் பூங்காவில் ஹலோவீன் வாரம். தைரியம் இருந்தால் வாருங்கள்.’ எழுத்துகளிலிருந்தும் ரத்தம் சொட்டியது. அச்சடித்தவனுக்குச் சிவப்பு மை சும்மா கிடைத்திருக்க வேண்டும்.

கல்லுமலை மேற்பிரிவில் கருப்பம்மா என்று ஒருத்திதான் இருந்தாள். அவளுக்கு ஒரே மகள். அந்த மகள் இப்போது சுவரைப் பார்த்தபடி நின்றதில் எல்ல ஊருக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டாள்.

“என்ன அப்படிப் பாக்குறே?” என்று பக்கத்தில் வந்து நின்றாள் றின்ஸா. பண்டாரவளைக்காரி, எல்லவில் இருவருக்கும் ஒரே ஹோட்டலில் வேலை. “இந்தப் பார்க்குக்கு நம்ம ஹோட்டலுக்கு ஓசி டிக்கெட் வந்திருக்கு. ஆனா நீ எங்க வரப்போறே? சினிமாவுக்குக் கூப்புட்டாலே தலைவலிம்பே.”

“போவோம்” என்றாள் விதுஷா.

“நெசமாவா?”

“ஞாயித்துக்கிழமை போவோம். அது எங்கம்மா பேரு, றின்ஸா. அங்க போயி, அந்தப் பேர எறக்க வச்சிட்டுத்தான் வருவேன்.”

அடுத்த பஸ்ஸில், ஜன்னல் பக்கம் பார்த்தபடி, அவள் முழுவதையும் சொன்னாள். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அம்மா செத்தது அடைமழையில். எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. வலி கண்டதும் லொறியில் ஏற்றி பதுளை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். வழியில் மண் சரிந்து பாதையை மூடிக் கிடந்தது. லொறி திரும்பி வந்தபோது அம்மாவும் இல்லை, வயிற்றுக்குள் இருந்த தம்பியும் இல்லை. அதற்காக விதுஷா யாரையும் குறை சொன்னதில்லை. மழையோடு யார் சண்டை போடுவது? அவள் வயிறு எரிந்தது அதற்குப் பிறகு நடந்ததற்கு. வயிற்றுப் பிள்ளையோடு செத்தவள் பேயாகத் திரிவாள் என்று சொல்லி, லயத்தில் வரிசையாக இருந்த வீடுகள் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டன. சாவுக்குத் தப்புப் பறை அடிக்க ஆள் வரவில்லை. கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்க ஒரு பெண்பிள்ளை வரவில்லை. கருப்பம்மாவிடம் உப்பும் புளியும் இரவல் வாங்கித் தின்றவர்கள்தான் அத்தனை பேரும். அப்பாவும் இன்னும் மூன்று பேரும் நனைந்துகொண்டே தூக்கிப் போய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள்.

அப்புறம் மேற்பிரிவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், யார் வீட்டுக் கோழி செத்தாலும், கருப்பி அடித்துவிட்டாள் என்று பேச்சு. எட்டு வயதுப் பிள்ளையைப் பார்த்து ‘பேய் பெத்த புள்ள’ என்று சொல்ல அந்த வாய்களுக்குக் கூசவில்லை. அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு மொனராகலைக்குப் போய், கரும்புத் தோட்டத்தில் கூலிக்கு நின்றுவிட்டார். பிற்பாடு மலை சரியும் என்று அதிகாரிகள் வந்து சொல்ல, மேற்பிரிவுச் சனமும் கீழே புது வீடுகளுக்கு இறங்கியது. ஆளில்லாத லயத்தை இந்தப் பூங்காக்காரர்கள் வாடகைக்கு எடுத்துவிட்டார்கள். குடியிருக்கத்தான் அந்த மலை ஆபத்து, கூட்டம் சேர்க்க ஆபத்தில்லை போலும்.

எல்லவில் இறங்கும்போது றின்ஸா, “எனக்குப் பேய்னா பயம். ஆனா வாறேன்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மலையில் பனி இறங்கியிருந்தது. பூங்காவுக்குள் நல்ல கூட்டம். தோட்டத்துச் சனங்களுக்கு அன்று இலவசம் என்று அறிவித்திருந்ததால், கீழே புது வீடுகளிலிருந்து குடும்பம் குடும்பமாக ஏறி வந்திருந்தார்கள். தாங்கள் குடியிருந்த லயத்தைப் பேய் வீடாகப் பார்க்க வந்த சனம்! சோளப்பொரி வேறு கையில். விதுஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்று பேய் வீடுகள். முதலாவது, ரத்தம் குடிக்கும் வெள்ளைக்காரப் பிரபுவின் மாளிகை. பிரபு தமிழில்தான் உறுமினான். ஒட்டுப் பல் கழன்று விழ, “ஒரு நிமிசம்” என்று குனிந்து தேடினான். அதற்கும் றின்ஸா அலறினாள். இரண்டாவது, பாழடைந்த ஆஸ்பத்திரி. கட்டிலில் கிடந்த பிணம் எழுந்து அவள் காலைப் பிடிக்க, அவள் கைப்பையால் அதன் மண்டையில் போட்ட போட்டில் பிணம் “ஐயோ அக்கா” என்றது. வெளியே வந்து இருவரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்துக்கு விதுஷாவுக்குக்கூட எதற்கு வந்தோம் என்பது மறந்துபோனது.

மூன்றாவது வீட்டின் முன்னால் சிரிப்பு நின்றது.

அதே லயம். சுண்ணாம்பு உதிர்ந்த அதே சுவர். ஜன்னல்களைக் கறுப்புப் பொலித்தீனால் மூடி, வாசலுக்கு மேலே பலகை மாட்டியிருந்தார்கள்: கருப்பியின் லயம். அதுவும் சரியாக அவர்களுடைய காம்பராவுக்கு மேலே, அம்மா சமைத்து, தூங்கி, அவளைப் பெற்றெடுத்த அந்த ஒற்றை அறைக்கு மேலே. விதுஷா தன்னை அறியாமல் வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

“பேய் வீட்டுக்குள்ள போறதுக்குச் செருப்பக் கழட்டுறியா?” என்றாள் றின்ஸா.

“எங்க வீடு இது.”

பின்னால் வரிசையில் நின்ற தோட்டத்துப் பெண்களும், அவளைப் பார்த்தோ பழக்கத்திலோ, ஒவ்வொருத்தராகக் கழற்றினார்கள். “கழட்டத் தேவையில்லை, அப்படியே போகலாம்!” என்று காவல்காரன் கத்திக்கொண்டிருந்தான். யாரும் கேட்பதாக இல்லை.

உள்ளே இருட்டு. ஒலிபெருக்கியில் ஒருத்தி சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு திரும்பவும் சிரித்தாள். சேலையில் கட்டிய தொட்டிலில் கழுத்து கடிபட்ட ஒரு பொம்மை. அடுப்பு இருந்த மூலையில் சிவப்புச் சாயம் நிரப்பிய சட்டி. அந்த மூலையில்தான் அம்மா குந்தி உட்கார்ந்து ரொட்டி சுடுவாள். முதல் ரொட்டி எப்போதும் மகளுக்கு. பிள்ளையைத் தின்றவளாம்.

சுவருக்குப் பின்னால் தப்பு மெதுவாக அதிர்ந்து, வேகம் பிடித்து, சட்டென்று நின்றது. சேலை கட்டி, பொய்முடி வைத்த உருவம் ஒன்று கையில் தப்போடு பாய்ந்து வந்தது. றின்ஸா விதுஷாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். விதுஷா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. அந்த முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

“சின்னராசா மாமா?”

பேய் பாதிப் பாய்ச்சலில் நின்றுவிட்டது. பக்கத்துக் காம்பராவில் இருந்த சின்னராசா. தோட்டத்தில் எந்தச் சாவுக்கும் தப்படித்த ஆள். ஒரேயொரு சாவுக்கு மட்டும் அடிக்கவில்லை.

“யாரு?” என்றார். பிறகு, “கருப்பம்மா மகளா? ஐயோ, நீ என்னா புள்ள இங்க?”

“எங்கம்மா வேசத்த நீங்களா கட்டியிருக்கீங்க?”

அவர் பொய்முடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். “சோத்துக்குத்தான் புள்ள. மலைய மூடுன பொறவு வேற வேல இல்ல.”

“அது போவட்டும். இந்தக் கதைய இவங்களுக்கு யாரு சொன்னது?”

அவர் பொம்மையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். “வந்து கேட்டாங்க, இங்க என்னா பேய் இருக்குன்னு. எல்லாருந்தான் சொன்னோம். புள்ளையத் தின்னதா நாங்க சொல்லல, தாயி. அது அவங்க சேத்துக்கிட்டது.”

மொனராகலையிலும் எல்லவிலும் இத்தனை வருடம் மனதுக்குள் சேர்த்து வைத்திருந்த திட்டுகளை எல்லாம் பூங்கா முதலாளிக்கென்றுதான் அவள் எடுத்து வந்திருந்தாள். இப்போது பார்த்தால், அம்மாவைப் பேயாக்கியவர்கள் பூங்காக்காரர்கள் இல்லை. அவர்கள் சாயம் மட்டும் பூசியிருந்தார்கள். ஆக்கியவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சோளப்பொரியோடு வரிசையில் நின்றார்கள்.

விதுஷா தொட்டிலிலிருந்து பொம்மையை எடுத்து வெளியே வீசினாள். லொறியிலிருந்து இறக்கி அம்மாவைக் கிடத்திய இடத்தில், வெறும் தரையில், கால் நீட்டி உட்கார்ந்தாள்.

“எந்திரி புள்ள, பின்னால ஆள் வருது” என்றார் சின்னராசா.

“வரட்டும். அவங்க வரத்தான் ஒக்காந்திருக்கேன்.”

அவளுக்கு ஒப்பாரி தெரியாது. யாரும் கற்றுக்கொடுத்ததில்லை, சாவு வீடுகளில் கேட்டதோடு சரி. ஒலிபெருக்கியில் அழுதவளின் குரலை மீறி அவள் குரல் எழுந்தது.

“என்னப் பெத்த அம்மா – நான்
எட்டு வயசில நின்னேனே
கண்ணத் தொடைக்க ஆளில்ல – இந்தக்
கதவெல்லாம் சாத்திக் கெடந்துச்சே…”

வாசலில் பேச்சு நின்றது. இந்த மலையில் பிறந்த எந்தப் பெண்ணும் ஒப்பாரியைக் கேட்டுவிட்டு எட்ட நின்று வேடிக்கை பார்க்கமாட்டாள். யார் சாவு, எதற்கு என்று விசாரிப்பதெல்லாம் பிறகுதான். கால் முதலில் உள்ளே வந்துவிடும். அப்படித்தான் மாரியாயி வந்தாள். அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்தெடுத்தவள். அன்று கதவைச் சாத்தியவர்களில் முதல் ஆளும் அவள்தான். விதுஷாவின் முகத்தைப் பக்கத்தில் வந்து பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. “கருப்பம்மா…” என்று முழுப் பெயரையும் சொல்லிக்கொண்டே கீழே உட்கார்ந்து, அவளுடைய தோளைக் கட்டிக்கொண்டாள்.

“கூட கட்டிப் போன மகராசி – நீ
கொழுந்தெடுத்து வந்த மகராசி
பாட கட்ட வராம நாங்க – உன்னப்
பாதி மழையில விட்டோமே…”

அதற்குப் பிறகு அடைக்க முடியவில்லை. ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு, பெண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். இடம் போதாமல் வெளியே இஸ்தோப்பிலும், அந்த நீளத் தாழ்வாரம் நிறைய, உட்கார்ந்தார்கள். சிவப்புச் சாயச் சட்டியை யாரோ காலால் ஒதுக்கினார்கள். றின்ஸாவுக்கு ஒப்பாரி வராது. அவள் விதுஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா அழுதாள். சின்னராசா சேலையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, கால்சட்டையோடு மூலையில் நின்று தப்பை எடுத்தார். இந்த முறை பயமுறுத்த அடிக்கவில்லை. சாவுக்கு அடிக்கும் அடி அது. மலையில் எல்லோருக்கும் அது தெரியும். ராட்டினத்தில் இருந்தவர்கள்கூட இறங்கி வந்தார்கள்.

கறுப்பு டீசேர்ட்டில் பூங்கா மனேஜர் ரஜீவ் ஓடி வந்தான். கொழும்புத் தமிழ்ப் பொடியன், முகத்தில் வியர்வை. “என்ன இது? யார் இதெல்லாம் செய்யச் சொன்னது? அடுத்த செட் ஆள்கள் காத்துக்கிட்டு இருக்காங்க!”

“செத்த வீடு நடக்குது” என்றாள் விதுஷா, உட்கார்ந்தபடியே. “வெளிய மாட்டியிருக்கிற பலகைய எறக்குங்க. அது எங்கம்மா பேரு.”

“மிஸ், அது சும்மா ஒரு கதை. கருப்பின்னு எத்தனையோ பேர் இருப்பாங்க.”

“அப்ப உங்கம்மா பேர எழுதி மாட்டுங்க. அவங்க ஒங்களத் தின்னதா போடுங்க. நான் போயிடுறேன்.”

ரஜீவ் கைபேசியை எடுத்தான். “நான் பொலிஸுக்குச் சொல்லவேண்டி வரும்.”

மாரியாயி மூக்கைச் சிந்திவிட்டுத் தலையைத் தூக்கினாள். “சொல்லுங்க தம்பி. செத்த வீட்டுக்கு யாரு வேணாலும் வரலாம். ‘வாங்க’ன்னு மட்டும் நாங்க சொல்ல மாட்டோம்.”

தப்பு இன்னும் உரத்தது. ரஜீவ் வாசலில் நின்றான். அவனை உள்ளே வா என்றும் யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வெளியே டிக்கெட் வாங்கி வந்த டவுன்காரர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, எது வேடிக்கை எது நிஜம் என்று தெரியாமல் நின்றார்கள். சிலர் படம் பிடித்தார்கள். அதைப் பார்த்ததும் ரஜீவுக்குப் புத்தி வேலை செய்தது. கைபேசியைப் பைக்குள் போட்டான். காவல்காரனைக் கூப்பிட்டு ஏணி கொண்டு வரச் சொன்னான்.

பலகை இறங்கும் சத்தம் உள்ளே கேட்டது. இரண்டு ஆணிகள், பிறகு மூன்றாவது. மாரியாயியின் கை இன்னும் விதுஷாவின் தோளில்தான் இருந்தது. முகத்தைத் துடைக்காமலே, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்:

“எங்க மேல கோவமா புள்ள?”

வட்டம் முழுக்க அவளைப் பார்த்தது. அன்று கதவைச் சாத்திய அத்தனை முகங்களும். ‘அதெல்லாம் இல்ல’ என்ற ஒரு வார்த்தைக்காகத்தான் அவர்கள் காத்திருந்தார்கள்.

“கோவந்தான்” என்றாள் விதுஷா. “நிறுத்தாதீங்க. அழுவுங்க.”