தன் குரலுக்கே வாயசைத்தவள்

நுவரெலியா ஹோட்டல் ஒன்றுக்கு அறை கூட்டும் வேலைக்குத்தான் வினோதா முதலில் போனாள். மாலையில் அங்கே பேண்ட் வாசிப்பார்கள். சோல், ப்ளூஸ் என்று அவர்கள் சொன்ன இங்கிலீஷ் பாட்டுகள், மனசில் கிடப்பதை ஒருத்தி இழுத்து இழுத்துச் சொல்லி ஆற்றிக்கொள்வது போல இருந்ததால் அவளுக்குப் பிடித்துப்போயின. பாடகி வராத ஒருநாள் துடைப்பத்தைச் சாத்திவிட்டு மைக்கைப் பிடித்தவள், பன்னிரண்டு வருஷம் அதை விடவில்லை.

அப்புறம் நாட்டுக்குக் கெட்ட காலம் வந்தது. வெள்ளைக்காரர்கள் வருவது நின்றதால் ஹோட்டலை மூடினார்கள். அதே சமயம் அவள் கழுத்தில் கட்டி வந்து ஆபரேஷன் நடந்தது. பிழைத்து எழுந்தாள். மேலே ஏறுகிற குரல் மட்டும் திரும்பி வரவில்லை.

ஹோட்டலை மறுபடி திறந்ததும் மனேஜர் ஜெயகாந்தன் கூப்பிட்டு அனுப்பினார். ஒரு பாட்டைப் பாடிக் காட்டினாள். அவர் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஒங்க பழைய பாட்டெல்லாம் ரெக்கோடிங் இருக்கு வினோதா. அதப் போடுறோம். நீங்க மைக்கப் புடிச்சிக்கிட்டு வாயசைச்சா போதும். கெஸ்ட்டுக்கு என்னா தெரியப் போவுது?”

வீட்டு நிலைமையை நினைத்துத் தலையாட்டினாள்.

தினமும் பளபளக்கும் சட்டை போட்டுக்கொண்டு நின்றாள். அந்தப் பழைய குரல் நிறுத்தாமல் போகிற இடத்தில் இவளுக்கு மூச்சு முட்டியது. சும்மா வாயைத் திறந்து வைத்திருந்தாள். கைதட்டினார்கள். முன்பு வந்து போன ஒரு கிழத் தம்பதி, உங்கள் குரல் கொஞ்சமும் மாறவில்லை என்று இங்கிலீஷில் சொல்லிக் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். சிரித்து வைத்தாள். உள்ளே போய்க் குழாயைத் திறந்து முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

வீட்டுக்கு வந்தால் மகள் கேஷிகா போனில் அதே பாட்டைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அத நிப்பாட்டு.”

“நல்லாத்தானே இருக்கும்மா.”

“நல்லாத்தான் இருக்கு. அதுக்குத்தான் நிப்பாட்டச் சொல்றேன்.”

மறுநாள் ஜெயகாந்தனிடம் பிடிவாதமாக நின்று, கடைசிப் பாட்டை மட்டும் சொந்தக் குரலில் பாட அனுமதி வாங்கினாள். கிட்டார் வாசிக்கும் பிரதாப் பழைய சுருதியிலேயே தொடங்கிவிட்டான். ஏற வேண்டிய இடத்தில் குரல் பிசிறி உடைந்தது. ஒரு மேசையில் இருந்தவர்கள் எழுந்து சாப்பாட்டுப் பக்கம் போனார்கள். யாரும் கேலி செய்யவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

“ரெக்கோடிங்தான் சரி. இல்லாட்டி வேணாம்,” என்றார் ஜெயகாந்தன்.

“அப்ப வேணாம் சேர்.”

பஸ்ஸில் வரும்போதே அவசரப்பட்டுவிட்டோமோ என்று குமைந்தாள். பிரதாப் மீதும் கோபம். ஆனால் அவனே ஞாயிற்றுக்கிழமை கிட்டாரோடு வந்து நின்றான்.

“நான் சுருதிய எறக்கியிருக்கணும்க்கா. கை பழக்கத்துல போயிருச்சி.”

“இப்ப வந்து சொல்லு.”

கொட்டகலை பஸாரில், மூடிக் கிடந்த ஒரு தையல் கடையைக் கேட்டு வாங்கிப் பாடிப் பழகத் தொடங்கினார்கள். ஹட்டனில் ஒரு பிறந்தநாள் வீட்டுக்கு அழைப்பு வந்தது. ஆட்டத்துக்குப் பைலாப் பாட்டும் சினிமாப் பாட்டும் பாட வேண்டுமாம். அவளுடைய இங்கிலீஷ் பாட்டு வேண்டுமானால் ஒன்றே ஒன்று, அதுவும் எல்லாரும் சாப்பிடும்போது. சரி என்று சொல்லிவிட்டு அன்று பூராவும் முணுமுணுத்தாள்.

தையல் கடையில் அந்த ஒரு பாட்டுக்காகப் பிரதாப் சுருதியை இறக்கினான். குரல் அதில் நிற்கவில்லை. மேலும் இறக்கினான். அடியில் எங்கேயோ கரகரவென்று ஒன்று வந்து அசையாமல் நின்றது.

“ஆம்பள பாடுற மாதிரி இருக்குடா.”

“இருக்கட்டுமேக்கா. நிக்குதுல்ல?”

“லேசா சொல்லிட்ட. ஒன் தொண்டையா?”

என்றாலும் முதல் அடியை அந்தக் குரலிலேயே பாடினாள். இரண்டாவது அடியில் வீதியில் போன லொறி ஹாரன் அடித்துப் பாட்டை விழுங்கியது. வினோதா லொறிக்காரனை வாய்க்கு வந்தபடி ஏசினாள். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, “மொதல்லேருந்து போடு,” என்றாள்.