கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம்

விசா கிடைத்த செய்தி வந்தபோது கண்ணம்மாள் மல்லிகைக் காட்டில் இருந்தாள். இடுப்பில் கட்டியிருந்த பூமடியைக்கூட அவிழ்க்காமல் வீட்டுக்கு ஓடிவந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த புருஷன் மொக்கைச்சாமியிடம், "குடுத்துட்டாய்ங்களாம்! ஜெர்மனிக்காரன் குடுத்துட்டானாம்!" என்றாள். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த விசாவுக்காக அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரே மகள் பவித்ரா கல்யாணமாகி ஜெர்மனிக்குப் போனவள். மருமகன் சிவபிரகாஷுக்கு அங்கே ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. முதல் பிள்ளை தங்கவில்லை. இரண்டாவது தரித்ததும், மாடிப்படி ஏறி இறங்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர்கள் குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி. அம்மா வந்தால்தான் ஆகும் என்றாகிவிட்டது. மொக்கைச்சாமி மாட்டையும் காட்டையும் விட்டு நகர முடியாது. எனவே கண்ணம்மாள் மட்டும் போவதென்று முடிவு செய்து, நிலப் பத்திரம், பட்டா, இன்சூரன்ஸ், மருமகன் பொறுப்பேற்று எழுதிய கடிதம் என்று எல்லாவற்றையும் கட்டித் தூக்கிக்கொண்டு திண்டுக்கல்லில் ரயிலேறிச் சென்னைக்குப் போனார்கள். அங்கே கைரேகை எடுக்கும் மிஷின் அவள் விரலை ஏற்கவில்லை. வருடக்கணக்காகப் பூப் பறித்துத் தேய்ந்த விரல். ஈரத் துணியால் துடைத்துத் துடைத்து, கடைசியில் ஒரு வழியாகப் பதிந்தது.

கிளம்பும் முன் பவித்ரா தினமும் போனில் பாடம் நடத்தினாள்.

"அம்மா, நெய் கொண்டாராத. பால்கோவா கூடாது. கறி வத்தல் கூடவே கூடாது. கறிவேப்பிலைகூட எடுத்துப்புடுவாங்க."

"அப்ப என்னத்தத்தான் கொண்டாரச் சொல்ற?"

"பொடி, வத்தக்குழம்புக்கு வத்தல், புளி, அம்புட்டுத்தான். உன் பிரஷர் மாத்திரைய டாக்டர் சீட்டோட வச்சுக்க. உன் மருந்த மட்டும் கொண்டா. யாரு என்ன குடுத்தாலும் வாங்காத."

"சரித்தா, சரித்தா."

அடுத்த வீட்டு ஒச்சம்மாளின் மகன் அஜித்தும் ஜெர்மனியில்தான் இருந்தான். வேறு ஊரில் மேற்படிப்புப் படித்தான். புருஷனை இழந்த ஒச்சம்மாள் ஒற்றை ஆளாகக் காட்டு வேலை பார்த்து அவனைப் படிக்க வைத்தவள். கண்ணம்மாளுக்குப் பவித்ரா பிறந்தபோது வெந்நீர் வைத்துக் கொடுத்ததும் அவள்தான். கிளம்புகிற அன்று காலையில் ஒரு பெரிய எவர்சில்வர் டப்பாவோடு வந்து நின்றாள்.

"பருப்புப்பொடி. இடிச்ச சூடு ஆறல. அவன் வாய் செத்துக் கெடக்கானாம். மருமகன்கிட்டக் குடுத்தாப் போதும், அவன் வந்து வாங்கிக்கிருவான்."

பொடிதானே. மகளே கொண்டுவரச் சொன்ன சாமான்தானே. கண்ணம்மாள் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சேலைகளுக்கு நடுவே அதைப் பதனமாக வைத்துப் பெட்டியை மூடினாள்.

பிராங்க்பர்ட்டில் இறங்கி, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்குகிறவரை எந்தக் குறையும் இல்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு கூட்டத்தோடு வெளியே நடந்தாள். தூரத்தில் ஒரு கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடியது. அதற்கு அந்தப் பக்கம் மருமகன் நிற்பான் என்று தெரியும். அங்கே போவதற்குள் கருநீல உடுப்புப் போட்ட ஒரு சுங்க அதிகாரிப் பெண் கையைக் காட்டி நிறுத்தினாள். பெட்டியை மிஷினுக்குள் விட்டார்கள். திரையைப் பார்த்தவள் இன்னொருவனைக் கூப்பிட்டாள். டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, பொடியை ஒரு தட்டில் கவிழ்த்தார்கள்.

பருப்பும் பூண்டும் மிளகாயும் கலந்த வாசம் அந்த இடமெங்கும் பரவியது. பொடிக்குள்ளிருந்து மாத்திரை அட்டைகள் விழுந்தன. பாலித்தீனில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்ட கட்டுகள். விழுந்துகொண்டே இருந்தன.

கண்ணம்மாளுக்கு ஒரு நாற்காலி கொடுத்தார்கள். ஒரு போனை ஸ்பீக்கரில் போட்டு அவள் முன்னால் வைத்தார்கள். அதிலிருந்து ஒரு பெண் தமிழில் பேசினாள். இலங்கைத் தமிழ்.

"பயப்பிடாதேங்கோ அம்மா. நான் மொழிபெயர்க்கிற ஆள். இந்தக் குளிசை ஆருடையது எண்டு கேக்கினம்."

"என்னது?"

"குளிசை. மாத்திரை, மாத்திரை. இதெல்லாம் ஆருடையது?"

உண்மையைச் சொல்ல வாய் திறந்தாள். அஜித்தின் பெயரைச் சொன்னால் அவனைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று தோன்றியது. ஒச்சம்மாளுக்கு அவனை விட்டால் யார் இருக்கிறார்கள்? அதோடு, உன் மருந்தை மட்டும் கொண்டா என்று மகள் சொன்னதும் ஞாபகம் வந்தது. சொந்த மருந்து என்றால் விட்டுவிடுவார்கள்.

"என்னோடதுதான்" என்றாள்.

"என்ன வருத்தத்துக்குப் போடுறனீங்கள்?"

"பிரஷருக்கு."

அந்தப் பெண் அதை அவர்களிடம் ஜெர்மனில் சொன்னாள். பிறகு அந்தக் குரல் மெதுவாகச் சொன்னது. "அம்மா, இது பிரஷர் குளிசை இல்லையாம். போதைக்குப் பாவிக்கிறதாம். இவ்வளவைப் பொடிக்குள்ள ஏன் ஒளிச்சனீங்கள் எண்டு கேக்கினம். யோசிச்சுச் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லுறதை அப்பிடியே சொல்லுறது மட்டுந்தான் என்ர வேலை."

கண்ணம்மாள் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. என்ன சொன்னாலும் யாராவது ஒருவர் வீடு விழும் என்று அவளுக்குப் புரிந்துபோனது. விசாவை ரத்து செய்து, முத்திரைமேல் குறுக்கே கோடு போட்டார்கள். வயதைப் பார்த்து வழக்கோடு நிறுத்திக்கொண்டார்கள், காவலில் வைக்கவில்லை. அடுத்த விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். ஏறுவதற்கு முன் ஒருமுறை பேச விட்டார்கள். "அம்மா, என்னம்மா பண்ணுன?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பவித்ரா அழுதாள். சிவபிரகாஷ் சாயங்காலம்வரை அந்தக் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறான்.

ஊருக்குத் திரும்பி வந்தவள் பெட்டியை இறக்கி வைப்பதற்குள் ஒச்சம்மாள் வந்துவிட்டாள்.

"என்னத்தா, போன வேகத்துல வந்துட்ட? பொடி சேந்துச்சா? அவன் போனப் போட்டுக் கேட்டுக்கிட்டே இருக்கான்."

கண்ணம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உள்ள என்னக்கா வச்ச?"

ஒச்சம்மாளின் முகம் வெளுத்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "தூக்கம் வரமாட்டேங்குதுன்னு சொன்னான்த்தா. இங்க பேரு சொன்னாக் கடையில குடுப்பாய்ங்க, வாங்கி அனுப்புன்னான். மேல வச்சாப் புடுங்கிருவாய்ங்க, பொடிக்குள்ள வையின்னான்."

"புடுங்குவாய்ங்கன்னு தெரிஞ்சுல்ல வச்சிருக்க!"

"எனக்கு என்னத்தா தெரியும்? பிள்ளை கேட்டான். வச்சேன்."

ஒரு மாதத்துக்குள் மறுப்பு எழுதலாம் என்று ரத்து செய்த தாளில் இருந்தது. பவித்ரா படுத்த படுக்கையிலிருந்தே ஒரு வக்கீலைப் பிடித்தாள். மாத்திரையைக் கொடுத்தவர் யார், யாருக்காகக் கொடுத்தார் என்று கொடுத்தவரே கையெழுத்துப் போட்டுத் தந்தால் ஒரு வழி பிறக்கலாம் என்றார் அவர். கண்ணம்மாள் பக்கத்து வீட்டுக்குப் போனாள். போட்டுத் தருகிறேன் என்றாள் ஒச்சம்மாள். நாளைக்கு என்றாள். மறுநாள் நத்தத்தில் துக்க வீடு என்று போய்விட்டாள். திரும்பி வந்தபோது கண்ணம்மாள் அவள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"கையெழுத்துப் போட்டா அவன உள்ள வச்சிருவாய்ங்களாமே. மாட்டேன் கண்ணம்மா. எனக்கு இருக்கது அவன் ஒருத்தன்."

"எனக்கும் அவ ஒருத்திதான்க்கா."

"உன் மகளப் பாத்துக்கப் புருஷன் இருக்கான்ல?"

கண்ணம்மாள் எழுந்து வந்தாள். அன்றே பவித்ராவுக்குப் போன் போட்டு, அஜித்தின் பெயர், அவன் இருக்கும் ஊர், படிக்கும் காலேஜ் எல்லாவற்றையும் சொல்லி, வக்கீலிடம் கொடுக்கச் சொன்னாள்.

பதில் வரத் தாமதமானது. ஏழாம் மாதத்தில் ஒரு நாள் சிவபிரகாஷ் ஷிப்டுக்குப் போயிருந்தபோது வீட்டில் பால் இல்லை. பவித்ரா படியிறங்கிக் கடைக்குப் போய், பையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறியிருக்கிறாள். அதனால்தானா, ஏறாமல் இருந்தாலும் நடந்திருக்குமா என்று டாக்டருக்கே சொல்லத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தவர்கள் குழந்தைக்கு இதயத் துடிப்பு இல்லை என்றார்கள். பெண் குழந்தை.

சிவபிரகாஷ் வீடியோவில் காட்டினான். வெள்ளைத் துணியில் சுற்றி, தலைக்குச் சின்னதாக ஒரு குல்லாய் போட்டிருந்தார்கள். மூக்கு பவித்ராவின் மூக்கு. மொக்கைச்சாமி பார்க்க மாட்டேன் என்று வெளியே போய்விட்டார். கண்ணம்மாள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவன் போதும் என்று வைக்கிறவரை பார்த்தாள்.

அதற்கப்புறம் பதில் வந்தது. அதிகாரிகளிடம் பொய் சொன்னதால் ரத்து செல்லும் என்று எழுதியிருந்தார்கள். பவித்ரா வாசித்துக் காட்டினாள். "வேற வக்கீலப் பாப்பமாத்தா?" என்று கேட்டாள் கண்ணம்மாள்.

"இனி வந்து என்னம்மா செய்யப் போற?" என்றாள் பவித்ரா. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

அஜித்தின் அறைக்குப் போலீஸ் போயிருக்கிறது. அவன் காலேஜுக்குப் போயே பல மாதமாகியிருந்தது. விசாவைப் பிடுங்கிக்கொண்டு அவனை அனுப்பி வைத்தார்கள். எலும்பும் தோலுமாக அவன் காரில் வந்து இறங்கியதை ஊரே பார்த்தது. "என் பிள்ளையக் காட்டிக் குடுத்தவ நல்லா இருப்பாளா?" என்று ஒச்சம்மாள் தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். கண்ணம்மாள் பூவைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறித் திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போனாள்.

ஒரு நாள் மத்தியானம் பக்கத்து வீட்டில் பாத்திரங்கள் உருண்டன. அஜித் மிருகம்போலக் கத்தினான். ஒச்சம்மாள் தலைவிரி கோலமாக ஓடிவந்து கண்ணம்மாள் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"செத்த வாத்தா! வலிப்பு வந்துருச்சு, தலைய மோதிக்கிறான். ஆம்புலன்சுக்குச் சொல்லியாச்சு. தெருவுல ஒரு சனம் இல்லத்தா!"

எல்லாரும் காட்டு வேலைக்குப் போயிருந்த நேரம். சாப்பிட்டுக்கொண்டிருந்த மொக்கைச்சாமி, "போகாத" என்றார். "நீ போனீன்னா நான் மனுசனில்ல."

கண்ணம்மாள் சுவரைப் பார்த்தபடி நின்றாள். அந்தப் பக்கம் தலை தரையில் மோதுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் போனாள். மன்னித்துவிட்டதால் போனாள் என்று சொல்ல முடியாது. அவளைக் கேட்டால் ஏன் போனேன் என்று தெரியாது என்றுதான் சொல்வாள்.

அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் தன் முந்தானையைச் சுருட்டி வைத்தாள். வாயில் நுரை தள்ளியது. துடைத்துவிட்டாள். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. மெல்ல அடங்கியது. ஆம்புலன்ஸ் வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஒச்சம்மாள் அவள் கையைப் பிடித்து என்னவோ சொல்ல வந்தாள்.

கண்ணம்மாள் கையை உருவிக்கொண்டு, "ஏறு, வண்டி கெளம்புது" என்றாள்.