பாரென்ட் போட்ட வெல்டிங்

பாரென்ட் போட்ட வெல்டிங் விட்டுப்போனதாக வால்விஸ் பே துறைமுகத்தில் யாரும் சொன்னது கிடையாது. அதை அவனே தினம் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிவான் என்பது வேறு விஷயம். ஆனால் பொய் இல்லை. கடலிலிருந்து உப்புப் பனிமூட்டம் இறங்கி இறங்கி ஊரிலுள்ள இரும்பையெல்லாம் தின்றுகொண்டிருக்க, அவன் ஒட்டிய இடம் மட்டும் அப்படியே நிற்கும். பட்டறையில் அவனுக்கு வெல்டிங், தங்கை ஹெஸ்டருக்கு டிங்கர் வேலை. நசுங்கிய தகட்டை அவள் தட்டி நிமிர்த்துவாள், அவன் ஒட்டுவான்.

அதே கையால்தான் வீட்டில் பெண்டாட்டி ட்ரீனாவை அடித்தான்.

ட்ரீனா ஓடிப்போகாமல் இல்லை. பாதிரியார் வீட்டுக்கு ஓடினாள். மீன் தொழிற்சாலையில் கூட வேலை செய்கிறவள் வீட்டுக்கு ஓடினாள். சித்தி மகன் வீட்டுக்கும் ஓடினாள். ஒவ்வொரு இடத்திலும் பாரென்ட் போய்த் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பான், கண்ணில் தண்ணீர் வைத்துக்கொள்வான். ஞாயிறு தவறாமல் கோவிலில் பாடுகிறவன், ஊரில் பாதிப் பேருடைய வண்டியைச் சரிசெய்து கொடுத்தவன். அவனுக்கு யார் கதவைத் திறக்காமல் இருப்பார்கள்? திறந்தார்கள், கையைப் பிடித்து ஒப்படைத்தார்கள். அவனோடு மீன் பிடிக்கப் போகும் போலீஸ்காரன் ஒருமுறை தன் வண்டியிலேயே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். அன்றைக்கு உடைந்த பல்லை ட்ரீனா ஹெஸ்டரிடம்தான் காட்டினாள்.

அதற்குப் பிறகுதான் ஹெஸ்டர் அப்பாவின் பழைய கேம்பர் வேனில் கை வைத்தாள். கிறிஸ்துமஸுக்குக் கடற்கரையில் முகாம் போட என்று அண்ணனிடம் சொல்லியிருந்தாள். உண்மையில் அது பாலைவனம் தாண்டி, ரெஹோபோத்தில் இருக்கும் ட்ரீனாவின் அம்மா வீட்டுக்குப் போக. பக்கத் தகடு, சக்கர வளைவு, கூரை ஓரம், திருடன் பயத்துக்கு ஜன்னல் கம்பி எல்லாம் முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஓட்டுகிறவர் காலடி மட்டும். துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்திருந்தாள். பிரேக் மிதி பிடிமானமில்லாமல் தொங்கியது. ஓட்டை வழியாகக் கீழே, வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்கிற பட்டறைப் பள்ளம் தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை பாரென்ட் விடியும் முன்னே மீன் பிடிக்கப் போய்விட்டான். ட்ரீனா துணிப்பையோடு வந்துவிட்டாள். கடைசித் தகட்டை ஒட்டினால் கிளம்பலாம். ஆனால் மூட்டம் விலகவே இல்லை. படகு எடுக்க முடியாமல் கரையிலேயே குடித்துவிட்டு, பாரென்ட் மதியத்துக்கு முன்னாடியே பட்டறை வாசலில் வந்து நின்றான்.

வேனுக்குள் மெத்தை. மெத்தைமேல் பை. பைக்குப் பக்கத்தில் அவன் பெண்டாட்டி. அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"ஓ, முகாமா?" என்றான். "எனக்குச் சொல்லாம முகாமா?"

"அண்ணே, நில்லு. நான் சொல்றதைக் கேளு" என்று ஹெஸ்டர் குறுக்கே வந்தாள்.

டிங்கர் சுத்தியலை எடுத்து அவள் மணிக்கட்டிலேயே போட்டான். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. ட்ரீனா அதற்குள் கதவுகளை உள்ளே பூட்டிக்கொண்டாள். அவன் இழுத்துப் பார்த்தான், திறக்கவில்லை. பிறகு சுத்தியலால் வேனை அடிக்க ஆரம்பித்தான். ஹெஸ்டர் மாதக்கணக்கில் தட்டித் தட்டி நிமிர்த்திய ஒவ்வொரு தகட்டையும் தேடித் தேடி அடித்தான். இரண்டு பேருடைய போனையும் மேஜையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்து நொறுக்கினான்.

"இதுல போவணுமா உனக்கு? இதுலயே இருடி! இதுலயே கெட!"

வெல்டிங் மெஷினை இழுத்து வந்தான். எர்த் கிளாம்பைப் பம்பரில் கடிக்கவிட்டான். அப்புறம் பழக்கதோஷத்தில் திரும்பி முகத்துக்குப் போடும் ஷீல்டைத் தேடினான். அது ஹெஸ்டரின் காலடியில் கிடந்தது. இத்தனை வருஷமாக அவன் மறந்தபோதெல்லாம் "ஷீல்டு போடு அண்ணே" என்று சொன்ன வாய் இப்போதும் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டாள். ஷீல்டைக் காலால் மேஜைக்கு அடியில் தள்ளினாள்.

தேட அவனுக்குப் பொறுமை இல்லை. வெறும் கண்ணோடு ஆரம்பித்தான்.

"அண்ணி! பார்க்காதீங்க! மெத்தையில முகத்தைப் புதைங்க!" என்று கத்திவிட்டு ஹெஸ்டர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சுவரெல்லாம் நீல வெளிச்சம் துடித்தது. முதலில் ஓட்டுநர் கதவு, அப்புறம் அடுத்தது, அப்புறம் பக்கவாட்டுக் கதவு. அவசரமே இல்லை. இழை விடாமல், அழகாக, தன் பெயர் கெடாமல் ஒட்டினான். பக்கவாட்டுக் கதவின் திரைச்சீலை உள்ளே பற்றிக்கொண்டது. ட்ரீனா அலறிக்கொண்டே வெறும் கையால் நெருப்பை அடித்தாள்.

"பின்னாடி பெட்ரோல் டேங்க் இருக்குடா! எல்லாரும் சாகப்போறோம்!" என்று உள்ளிருந்து கத்தினாள்.

"சாவட்டும்" என்று சொல்லிவிட்டுப் பின்கதவையும் ஒட்டினான். டேங்க் வெடிக்காதது யார் செய்த புண்ணியமோ.

முடித்ததும் வெல்டிங் டார்ச்சைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணைக் கசக்கினான். "சாயங்காலம் இழுவை வண்டியோட வர்றேன். அப்படியே கொண்டுபோய்க் கடல்ல தள்ளுறேன். எவன் வந்து கதவைத் திறக்கிறான்னு பாக்குறேன்" என்றான். பட்டறையின் இழுவை வண்டியை எடுத்துக்கொண்டு குடிக்கப் போனான்.

வெறியில் அவன் மறந்துவிட்டான். நாலு கதவையும் அடைத்த வண்டிக்குக் காலடியில் தகடு இல்லை.

ஹெஸ்டர் ஒரு கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கினாள். மேலே ஓட்டையில் ட்ரீனாவின் முகம் தெரிந்தது. புருவம் கருகியிருந்தது.

"இறங்குங்க அண்ணி. இப்படியே இறங்கி ஓடிருவோம்."

"எங்க ஓடுறது?"

ஹெஸ்டர் அவளை இறக்க நல்ல கையை மேலே நீட்டினாள்.

"சொல்லு ஹெஸ்டர், எங்க? எந்த வீட்டுக்குப் போனாலும் வந்து தட்டுவான், திறந்து விட்டுருவாங்க" என்றாள் ட்ரீனா. கொப்புளித்த கையால் கதவின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். உலோகம் இன்னும் சூடாக இருந்தது. "இதை யாராலயும் திறக்க முடியாதுல்ல?"

"அறுத்தாத்தான் உண்டு."

"அப்ப அந்தத் தகட்டைக் குடு. இதையும் அடைச்சிருவோம்."

"அப்புறம் நீங்க வெளிய வர வழியே கிடையாது அண்ணி!"

"எங்கம்மா வாசல்ல போய் நின்னுட்டு அறுக்கச் சொல்றேன். வழியில எவன் நிறுத்தினாலும், எவன் இனிக்க இனிக்கப் பேசினாலும், கதவு திறக்கக் கூடாது. நானே மனசு மாறினாலும் திறக்கக் கூடாது."

ஹெஸ்டர் அழுதாள். அழுதுகொண்டே ஷீல்டையும் அவன் போட்டுவிட்டுப் போன சுத்தியலையும் ஓட்டை வழியாக மேலே கொடுத்தாள். டார்ச்சை முன்பக்கத்துச் சின்ன முக்கோணக் கண்ணாடியைத் திறந்து உள்ளே நீட்டினாள். மறுபடி பள்ளத்தில் இறங்கி, புதுத் தகட்டை நல்ல கையாலும் தலையாலும் முட்டுக்கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். கண்ணை இறுக மூடி, எப்படிச் செய்வதென்று கீழிருந்தே சொன்னாள்.

"ஓரத்தைத் தொட்டும் தொடாம. நடுங்காதீங்க. கொஞ்சம் கொஞ்சமா, விட்டு விட்டு."

ட்ரீனா வாழ்நாளில் வெல்டிங் பிடித்ததில்லை. அவள் வைத்த ஒட்டெல்லாம் கோழி எச்சம் மாதிரி விழுந்தது. தீப்பொறி ஹெஸ்டரின் கழுத்துக்குள் இறங்கியது. சட்டை பொத்துப்போய்த் தோல் கருகும் வாசனை அவளுக்கே வந்தது. தகட்டை விட்டுவிட்டால் மிதி நிற்காது, மிதி நிற்காவிட்டால் வண்டியை ஓட்ட முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அண்ணனை அவ்வளவு வெறுத்தது அவள் ஆயுளில் அன்றுதான். அப்படி வெறுக்க முடிந்ததில் அவளுக்கு வெட்கமாகவும் இல்லை.

ட்ரீனா கடைசியாக மிதியையும் திருகி முடித்து, ஹெஸ்டர் மேலே வந்து டார்ச்சை வெளியே வாங்கும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. அப்போதுதான் இழுவை வண்டி பட்டறையின் கேட்டில் மோதிய சத்தம் கேட்டது.

பாரென்ட் இறங்கினான். ஒரு கை சுவரைத் தடவியது, ஒரு கை கண்ணைப் பொத்தியிருந்தது. வெல்டிங் அடித்த கண் உடனே காட்டாது. சில மணி நேரம் சும்மா இருந்துவிட்டு, பிறகுதான் கைப்பிடி மணலைக் கொட்டியதுபோல எரியும். இமை வீங்கி, கன்னமெல்லாம் தண்ணீராக வடிய, அவன் மாடு மாதிரி முக்கிக்கொண்டு வந்தான்.

"ஹெஸ்டர்! கண்ணு போச்சுடி! அவ எங்க?"

ட்ரீனா சாவியைத் திருப்பினாள். என்ஜின் இருமியது, நின்றது, மறுபடி இருமியது. சத்தம் வந்த திசையில் அவன் பாய்ந்தான். தடவித் தடவிக் கைப்பிடியைக் கண்டுபிடித்தான். காலை வேன்மேல் உதைத்து நிறுத்தி, உடம்பு முழுதும் கொடுத்து இழுத்தான். ஒரு மயிரிழை அசையவில்லை.

"திறடி! திற!"

முழங்கையால் கண்ணாடியை உடைத்தான். கம்பிக்கு நடுவே கையை விட்டுத் துழாவினான். விரலில் அவள் தலைமுடி சிக்கியது. ட்ரீனா மடியிலிருந்த டிங்கர் சுத்தியலை எடுத்து அந்தக் கையில் அடித்தாள். விடவில்லை. இன்னொரு முறை அடித்தாள், மூன்றாவது முறை அடித்தாள். எலும்பு உடைந்த பிறகுதான் விட்டான். கையோடு ஒரு கொத்து முடியும் போனது.

என்ஜின் பிடித்துக்கொண்டது. வேன் பள்ளத்தின்மேலிருந்து நகர்ந்து, இழுவை வண்டியை உரசிக்கொண்டு வாசலைத் தாண்டி, மூட்டத்துக்குள் போனது. கொஞ்ச தூரம் பின்விளக்கு சிவப்பாகத் தெரிந்தது.

பாரென்ட் அதன் பின்னால் ஓடினான். முன்னால் பள்ளம் இருப்பது ஹெஸ்டருக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் சொல்லவில்லை. அவன் அப்படியே தலைகுப்புற விழுந்தான். ஏதோ முறிந்தது.

பள்ளத்தின் அடியிலிருந்து அவன் குரல் வந்தது. சின்னப் பையன் அழுவதுபோல இருந்தது.

"அந்தக் கதவு ஏன் திறக்கல? ஹெஸ்டர், அது ஏன் திறக்கவே இல்ல?"

ஹெஸ்டர் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்தாள். உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ போட்ட வெல்டிங் அண்ணே" என்றாள். "அது என்னைக்கு விட்டிருக்கு?"