சுத்தியலுக்கு அடியில் ஒரு கை

லக்ஸம்பர்க்கின் பெயர்ப்பலகை நிமிர்ந்து நின்றதைக் கண்ணாடி அறைக்குள் இருந்து நான் பார்த்தேன். பேச விரும்புகிறவர் தம் முன் படுத்திருக்கும் பலகையை நிமிர்த்தி வைக்க வேண்டும் என்பது எங்கள் நதி ஆணையத்தின் வழக்கம். ஸ்ட்ராஸ்பர்க்கில் இந்த மண்டபத்து மைக்குகளை இருபத்தாறு வருஷமாக நான்தான் திறந்து மூடுகிறேன். தலைவர் தலையசைக்காமல் ஒருவருக்கும் திறந்ததில்லை. மந்திரியே வந்து மைக்கைத் தட்டிப் பார்த்தாலும் சரி.

அன்று தலைவருக்குப் பக்கத்தில், செயலாளர் நாற்காலியில், என் மகள் ஒதில் உட்கார்ந்திருந்தாள். அப்பன் சிபாரிசு என்று சிலர் முணுமுணுத்தார்கள். தேர்வில் அவள் முதலாவதாக வந்தது அவர்களுக்குத் தெரியாததல்ல. வேலை நிரந்தரமாக இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அதற்கு அந்தத் தலைவரின் கையெழுத்து வேண்டும்.

குளிர்காலத்தில் படகுகள் கடந்துபோகும் மதகுகளை எல்லாம் மாலை ஐந்துக்கே மூடிவிடலாம் என்பது தீர்மானம். எங்களிடம் ஓட்டெடுப்பு கிடையாது. ஆட்சேபணை இல்லை என்று சொல்லித் தலைவர் மரக்கட்டையில் சுத்தியலைத் தட்டினால் முடிந்தது. அப்புறம் அடுத்த வருஷம் வரை ஆண்டவனாலும் அதைத் தொட முடியாது.

"தலைவரு லக்ஸம்பர்க்கைப் பார்த்துட்டாருய்யா," என்றான் என்னோடு வேலை பார்க்கும் ரெமி. "பார்த்துட்டுத்தான் காகிதத்துல மூஞ்சிய வச்சுக்கிட்டாரு. தில் பேச ஆரம்பிச்சா சாப்பாடு ஆறிடும்ல."

தில்தான் லக்ஸம்பர்க்கின் பிரதிநிதி; தன் நாட்டுக்குத் தனியாக வந்திருப்பவர். மற்றவர்களுக்குப் பின்னால் ஆலோசகர்கள் இரண்டு வரிசை இருப்பார்கள். அவருக்குப் பின்னால் அவருடைய கோட்டு மட்டும் தொங்கும்.

ஒதில் தலைவரின் காதில் ஏதோ சொன்னாள். அவர் ஈயை விரட்டுவது போலக் கையை அசைத்தார். சுத்தியல் மேலே போனது. என் விரல் லக்ஸம்பர்க் மைக்கின் பொத்தான் மேல் போய் நின்றது. அழுத்தினால் என் இருபத்தாறு வருஷமும் போச்சு. பாவி, அழுத்தத்தான் இருந்தேன்.

அதற்குள் ஒதில் மரக்கட்டையின் மேல் தன் கையை விரித்து வைத்தாள்.

தலைவர் வேகத்தைக் குறைத்தார், ஆனால் முழுக்க நிறுத்த முடியவில்லை. அடி விழுந்தது, சத்தம் வரவில்லை.

"ஐயா, லக்ஸம்பர்க் பேசணும்னு கேக்கறாங்க," என்றாள் ஒதில். தலைவரின் மைக் திறந்தே இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

தலைவரின் காது சிவந்தது. என் பக்கம் திரும்பித் தலையசைத்தார். நான் பொத்தானை அழுத்தினேன்.

தில் இரண்டே நிமிஷம்தான் பேசினார். சரக்குப் படகுகளில் பிள்ளைகுட்டியோடு குடும்பங்கள் வாழ்கின்றன. மதகு மூடினால் பனியில் நடு ஆற்றில் கிடக்க வேண்டும். எட்டு மணி வரை ஒரு மதகாவது திறந்திருக்கட்டும் என்றார். விஷயம் மதியத்துக்குத் தள்ளிப்போனது.

உணவகத்தில் ஒதிலுக்கு எதிரே தட்டை வைத்தேன். விரல்கள் வீங்கியிருந்தன.

"வலிக்குதாம்மா?"

"வலிக்காம? நல்லா ஓங்கித்தான் அடிச்சாரு." இடது கையால் உருளைக்கிழங்கைக் குத்தினாள். "கையெழுத்து போட மாட்டாருல்லப்பா?"

"தெரியல."

"நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

பொத்தானைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்தேன். என் பெண் என்று அந்த உணவகம் முழுக்கக் கேட்கக் கத்த வேண்டும் போல இருந்தது. "கோஸைச் சாப்பிடு" என்று மட்டும் சொன்னேன்.

மதியம் கூட்டம் தொடங்கியதும் தலைவர் முதல் வேலையாக மரக்கட்டையை அவளுக்கு எட்டாமல் மறுபக்கம் நகர்த்தி வைத்தார். ரெமி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான்கு மணிக்குத் திருத்திய தீர்மானம் வாசிக்கப்பட்டது: ஒரு மதகு, எட்டு மணி வரை. தலைவர் சுத்தியலை எடுத்தார். மேசையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஒவ்வொரு பலகையாகப் பார்த்தார். எல்லாம் படுத்திருந்தன. பிறகு ஓங்கிய கையோடு ஒதிலின் பக்கம் திரும்பிக் காத்திருந்தார்.

அவள் அவசரப்படவில்லை. வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு, அவளும் மேசையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். அதுவரை சுத்தியல் அந்தரத்திலேயே நின்றது.