ஐசக் வாபனுக்கு நிறம் சொன்னவர்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. ஷார்ஜாவின் முவைலாப் பகுதியில் என் மகளின் பள்ளி வேன் பஞ்சராகி நின்ற நாற்பது நிமிடத்தில், டிரைவர் அருள்முருகனிடம் கேட்டு வாங்கியது. வேனுக்கு வருவதற்கு முன் அவர் ஓர் ஓவியருக்கு ஏழு மாதம் கார் ஓட்டியிருக்கிறார். அந்த ஓவியர் கனடாவின் வடக்கே, கிரீ என்னும் ஆதிகுடியில் பிறந்தவர். காட்டு விலங்குகளைத் தவிர எதையும் வரையாதவர். பெயர் ஐசக் வாபன்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘பனி பெய்துகொண்டிருந்தது. சிறுவன் ஐசக்…’

[அடித்துவிட்டேன். ஃப்ரீசருக்கு வெளியே நான் பனியைப் பார்த்ததில்லை.]

அடுத்தது: ‘விடுதிப் பள்ளியில், தாய்மொழி பேசியதற்காக அவர் வாங்கிய முதல் அடி…’

[இதையும் நிறுத்திவிட்டேன். அடி விழுந்தது உண்மை. ஆனால் வாபன் அதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, டீ கிடைக்குமா என்று கேட்டாராம். அதை நான் பத்தி பத்தியாக இழுக்கக்கூடாது.]

ஆகவே அருள்முருகனோடு காரில் ஏறிக்கொள்கிறேன். அவருக்குப் பக்கத்தில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வருகிறது.

2

பாலைவன விலங்குகளை வரைவதற்காக, ஓவியங்கள் சேகரிக்கும் ஓர் அரபுச் செல்வந்தர் எழுபது வயது வாபனை ஷார்ஜாவுக்கு வரவழைத்திருந்தார். பரமக்குடிப் பக்கத்து அருள்முருகனுக்கு அவரைக் கூட்டிப்போய்க் கூட்டிவருவதுதான் டூட்டி. குளிர்காலத்தில் விடியும்போது மணல்மேட்டில் மூடுபனி இறங்கியிருக்கும். ஓரிக்ஸ் என்னும் வெள்ளை மான்கள் அதற்குள்ளிருந்து வரும். முதலில் கொம்பு தெரியும், அப்புறம் முகம். கால்கள் தெரியாமலே மான் கரைந்து போய்விடும். வாபன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருப்பார். அருள்முருகன் ஸ்டியரிங்கில் சாய்ந்து தூங்குவார்.

ஒருநாள் நீர்த்தேக்கத்தில் பூநாரைகளை வரைந்துகொண்டிருந்தார். ஒரு பெயிண்ட் டியூபில் லேபிள் கழன்றுபோயிருந்தது.

[அவர்கள் பேசியது உடைந்த ஆங்கிலம். அருள்முருகன் எனக்குச் சொன்ன தமிழில் தருகிறேன்.]

“சார், அந்தப் பறவை ரோஸ் கலரு. நீங்க பச்சையில்ல வச்சிருக்கீக.”

வாபன் தூரிகையைக் கீழே வைத்தார். “எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் அருள். பிறவியிலேயே.”

“அப்ப இத்தனை வருசமா எப்பிடி சார் வரைஞ்சீக?”

வாபன் கரைக்கு அப்பால் கையைக் காட்டினார். “மணல் என்ன நிறம், சொல்லு.”

“மஞ்சள், சார்.”

“நல்லாப் பாரு.”

பதினொரு வருடம் வளைகுடாவில் இருந்தும் அருள்முருகன் அன்றைக்குத்தான் மணலைப் பார்த்தார். “மேட்டுல மஞ்சள்தான். நெழல்ல மட்டும், நாவப்பழம் தின்ன நாக்கு மாதிரி இருக்கு சார்.”

வாபன் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு ஊதாவைத் தேடி எடுத்தார். அன்றிலிருந்து அருள்முருகன் காரில் தூங்கவில்லை. யாரிடமும் சொல்லக்கூடாது என்று கிழவர் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார்.

3

இந்த இடத்தில் எனக்கு அருள்முருகன்மேல் சந்தேகம் வந்தது. கதைக்காரன் செய்துவைத்த நல்லவர் மாதிரி இருக்கிறாரே.

“ஒரு தடவைகூடத் தப்பாச் சொல்லலையாண்ணே?”

அவர் ஜாக்கியை மெதுவாக இறக்கினார். “சொன்னேன் சார். கம்பெனியில எனக்கு லீவு இல்லைன்னுட்டான். அந்தக் கோவத்துல, ஒரு காட்டுப் பூனைக்கு இருக்குறதவிடச் செவப்பாச் சொல்லிப்புட்டேன். அவரும் நம்பிப் போட்டாரு. அது இப்ப ஏதோ மியூசியத்துல தொங்குது.”

4

வாபன் ஊருக்குத் திரும்பிய அடுத்த வருடம் இறந்துபோனார். அதற்கும் அடுத்த குளிர்காலத்தில் அவருடைய மகள் லோயிஸ் விசாரித்து விசாரித்து ஷார்ஜா வந்துசேர்ந்தார். தொழிற்பேட்டையில் ஒரு டீக்கடை. எதிரே உட்கார்ந்ததும் கேட்டார்: “அப்பாவுக்கு நிறம் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

[ஒரு முடிவு: “தெரியாது மேடம்” என்று பொய் சொல்லி, கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறார். இன்னொரு முடிவு: உண்மையைச் சொல்கிறார், ஓவியரின் பெயர் கெடுகிறது. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் லோயிஸ் வெறும் போலீஸ்காரியாக இருக்கிறார்.]

நடந்தது வேறு. அருள்முருகன் அவருக்கும் ஒரு டீ சொன்னார். லோயிஸ்தான் பேசினார்.

“நாப்பது வருஷம் அம்மாதான் பக்கத்துல உக்காந்து நிறம் சொன்னா. அவ போனப்புறம் ஒன்பது வருஷம் அப்பா தூரிகையைத் தொடலை. அப்புறம் இங்கேருந்து ஒரு படம் வந்தது. மணல் நிழல்ல ஒரு ஊதா. அம்மா அப்படிச் சொல்றவ இல்லை. வேற யாரோ அப்பா பக்கத்துல இருக்காங்கன்னு அப்பத்தான் தெரிஞ்சது. அவங்களைப் பாக்கத்தான் வந்தேன்.”

அருள்முருகன் காட்டுப் பூனை விஷயத்தைத்தான் முதலில் சொன்னார்.

லோயிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். “அம்மாவுக்கும் கோவம் வரும். எங்க வீட்டுல ஒரு பச்சை நரி இருக்கு.”

5

மறுநாள் விடியலில் அருள்முருகன் அவரை அதே மணல்மேட்டுக்குக் கூட்டிப்போனார். லோயிஸ் ஒரு கேன்வாஸ் சுருளைக் காரின் பானெட்டில் விரித்தார். வாபனின் கடைசிப் படம். ஓரிக்ஸ் முழுதாக நிற்கிறது. தரை வெறும் துணி. தரை என்ன நிறம் என்று வாபன் கடைசிப் படுக்கையிலிருந்து கேட்டாராம். லோயிஸ் ஏதேதோ சொல்லிப் பார்த்தார். “அருள்கிட்டக் கேளு” என்றுவிட்டாராம்.

அருள்முருகன் வெகுநேரம் பார்த்தார். பனிக்குள் எங்கோ மானின் குளம்பு மணலில் புதையும் சத்தம். பிறகு ஒரு சொல்லைச் சொன்னார். தமிழில்தான் வந்தது. ஆங்கிலத்தில் எத்தனை தேடியும் கிடைக்கவில்லை. லோயிஸ் அதை மூன்று முறை சொல்லச் சொல்லி, காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் கேன்வாஸின் பின்னால் எழுதிக்கொண்டார். தரையை யாரும் தீட்டவில்லை. வாபனின் ஊரில், எல்லோரும் கூடும் கூடத்தில், படம் அப்படியே தொங்குகிறது.

அந்தச் சொல்லை அருள்முருகன் எனக்கும் சொன்னார். இங்கே எழுதினேன். அடித்தேன். திரும்ப எழுதினேன். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நிறம் சொல்லும் உரிமை எனக்கு வந்துவிட்டதாகத் தோன்றவில்லை. நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

பனி விலகுகிறது. மான் நிற்கிறது. அதன் காலடியில் மணல்