ஆத்தாவுக்குக் கரைத்த சுண்ணாம்பு

என் வீட்டுக்காரர் சின்னையாவுக்கு 'இல்லை' என்ற சொல் வாயில் வராது. அந்த மனிதரை நம்பி ஈய மில்லின் திராவகக் கொட்டகைச் சாவியைக் கொடுத்திருந்தார் துரை. யாரைத் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, கொடுத்தவரையா, வாங்கியவரையா?

எங்கள் மில்லு புந்தோங்கைத் தாண்டி இருந்தது. லம்பத்திலிருந்து, அதுதான் ஈயச் சுரங்கத்திலிருந்து, வரும் ஈய மண்ணைப் பெண்கள் நாங்கள் அலசிக் கொடுப்போம். அதில் ஒட்டியிருக்கும் இரும்புக் கறையைத் திராவகத்தில் ஊறவைத்துப் போக்குவார்கள். திராவகம் பெரிய கண்ணாடி ஜாடிகளில், வைக்கோல் சுற்றி, பிரம்புக் கூடைக்குள் வரும். தப்பித் தவறிச் சிந்தினால் அணை கட்ட மணலும், அதன் வீரியத்தை அடக்க ஒரு பீப்பாய் சுண்ணாம்பும் கொட்டகை வாசலிலேயே இருக்க வேண்டும். இது துரையின் உத்தரவு.

என் வீட்டுக்காரரோ வண்டிக்கார ஐயாவுவின் மாட்டுக்கு வைக்கோலை உருவிக் கொடுத்தார். அடுப்புக் கட்ட மணல் கேட்டவளுக்கு மணல் கொடுத்தார். துரை கண்டுபிடித்துவிட்டார். "இன்னொரு சாமான் வெளியே போனால் வேலையும் கிடையாது, லயத்து வீடும் கிடையாது" என்றார். கணக்கெழுதும் கிராணி சதாசிவம்தான் அதை எங்களுக்குத் தமிழில் சொன்னார். மில்லுக் கூலிகளுக்கென்று கட்டிய அந்த வீட்டை விட்டால் எங்களுக்குப் போக்கிடம் ஏது?

ஆடி மாதம் ஒரு காலைப்பொழுது. ஐயாவு புது ஜாடிகளை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தான். ஒரு கூடையின் அடிப்பக்கம் இற்றுப்போயிருந்தது போலும். படீரென்று ஜாடி விழுந்து நொறுங்கியது. திராவகம் புகைந்துகொண்டே கால்வாய்ப் பக்கம் ஓடியது. அந்தக் கால்வாய் போய்ச் சேரும் ஓடையில்தான் லயத்து ஜனம் முழுவதும் குளிக்கிறது.

"எல்லாரும் காத்துக்கு இந்தப் பக்கம் வாங்க! மூச்ச இழுக்காதீங்க!" என்று கத்தினேன். என் வீட்டுக்காரரும் ஐயாவுவும் முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு மணலை வாரிக் கொட்டி அணை கட்டினார்கள். திராவகம் நின்றது. ஆனால் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக நனைத்துக்கொண்டே இருந்தது.

"சுண்ணாம்பக் கொட்டுங்க!"

என் வீட்டுக்காரர் மணலையே வாரிக்கொண்டிருந்தார். நானே ஓடிப்போய்ப் பீப்பாயைத் திறந்தேன். உள்ளே ஒரு பல்லிதான் இருந்தது.

"எங்கங்க சுண்ணாம்பு?"

"ஆத்தா கோயிலுக்கு வெள்ளையடிக்க... பத்துமல கேட்டாரு, நவமணி. சாமி காரியம். எப்படி இல்லேங்குறது?"

எனக்கு வந்ததே ஆத்திரம்! திட்ட நேரமில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். பூசாரி பத்துமலை ஏணிமேல் நின்று தென்னை மட்டையால் சுவரில் வெள்ளை பூசிக்கொண்டிருந்தார். கீழே வாளி வாளியாகக் கரைத்த சுண்ணாம்பு.

"அண்ணே, எறங்குங்க. அந்த வாளியெல்லாம் வேணும்."

"என்ன தங்கச்சி வெளையாடுற? ஆத்தாவுக்குக் கரைச்சதுலா இது!"

"ஆத்தா பேரச் சொல்லித்தானே வாங்கிட்டு வந்தீங்க? அதே ஆத்தா பேரச் சொல்லிக் கேக்குறேன். அங்க ஆசிட்டு ஓடுது. எறங்குறீங்களா, ஏணியத் தள்ளவா?"

இறங்கிவிட்டார். இறங்கியதோடு ஒரு வாளியையும் தூக்கிக்கொண்டார், நல்ல மனிதர். என் பின்னாலேயே ஓடி வந்திருந்த அலசுகிற பெண்கள் எல்லாரும் ஆளுக்கொன்று தலையில் வைத்தார்கள். பால்குடம் எடுப்பதுபோல வரிசையாக மில்லுக்கு நடந்தோம். "பாத்து, கண்ணுல பட்டா அவ்வளவுதான்" என்று வழியெல்லாம் நான் அதட்டிக்கொண்டே வந்தேன்.

"ஒரேயடியா ஊத்தாதீங்க, தெறிக்கும். தள்ளி நின்னு மொண்டு மொண்டு ஊத்துங்க" என்றார் என் வீட்டுக்காரர். இதெல்லாம் நன்றாகத் தெரியும் அவருக்கு. ஊற்ற ஊற்றச் சுர்ரென்று நுரைத்துப் பொங்கியது. "பொங்கலோ பொங்கல்!" என்று என்னோடு மண் அலசும் முத்தம்மா கூவினாள். பயந்து செத்துக்கொண்டிருந்த எங்களுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கடைசியில் நுரை அடங்கியது. கால்வாயில் ஒரு சொட்டு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத் துரை வந்து நின்றார். தலையெல்லாம் வெள்ளை வழிய நின்ற எங்களைப் பார்த்தார், காலிப் பீப்பாயைப் பார்த்தார். கிராணி சதாசிவம் என் வீட்டுக்காரர் காதைக் கடித்தார்: "மழயில கரஞ்சுபோச்சுன்னு சொல்லுலா."

சொல்லுங்க, சொல்லித் தொலைங்க என்று எனக்கு உள்ளே அடித்துக்கொண்டது. அந்த மனுஷன் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"கோயிலுக்கு நாந்தான் தூக்கிக் குடுத்தேன், தொர. தப்பு என்னுது. பொம்பளங்கதான் இன்னிக்கி ஓடையக் காப்பாத்துனாங்க."

போயிற்று வீடு என்று நினைத்தேன். கோபத்தோடு கோபமாக, இவரைக் கட்டிக்கொண்டதில் எனக்கு அன்றைக்குப் பெருமையாகவும் இருந்தது.

வேறு வழியில்லாமல் கிராணி அதை அப்படியே துரைக்கு மாற்றிச் சொன்னார். துரை கிராணியிடம் ஏதோ கேட்டார். கிராணி எங்கள் பக்கம் திரும்பினார்.

"வேலையும் வீடும் இருக்கட்டுமாம். ஆனா சாவி இனிமே இவருகிட்ட இருக்கக் கூடாதாம். யாரு வந்து கேட்டாலும், சாமியே வந்து கேட்டாலும், இல்லேன்னு சொல்ற ஆளு இந்த மில்லுல யாராச்சும் இருக்காங்களான்னு கேக்குறாரு."

ஐயாவு என்னைக் காட்டினான். முத்தம்மா காட்டினாள். பூசாரி பத்துமலை இரண்டு கையாலும் காட்டினார். ஆனால் எல்லாருக்கும் முன்னால் நீண்டது என் வீட்டுக்காரர் கைதான்.

கிராணி என் உள்ளங்கையில் சாவியை வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் பார்ப்பதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

"என்ன எல்லாரும் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறீங்க? போயி வேலயப் பாருங்க!" என்றேன்.